தலைக்குப் பூசிய ஈயம்

என்னைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது என் வயிற்றைப் பற்றி இல்லை, கையைப் பற்றியும் இல்லை. "இன்னா செங்கேணி, முடி வளருதா?" என்றுதான் கேட்கிறார்கள். வளர்கிறது. வெள்ளையாக வளர்கிறது. போதுமா? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் எல்லாருக்குமாக ஒரே தடவை சொல்லிவிடுகிறேன். நரைக்கு மருந்து தேடுகிற பெண்கள் மட்டும் கொஞ்சம் கிட்டே வந்து கேளுங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் ஒல்லாந்துக் கம்பெனியின் சரக்குப் படகுக்குத் தண்டல், படகாட்களுக்குத் தலைவர். பழவேற்காட்டுக் கோட்டைத் துறையிலிருந்து துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்ப்பார். சில பருவங்களில் நாகப்பட்டினம் வரைக்கும் போய்வருவார். எங்கள் குப்பத்தில் தண்டல் வீடு என்றால் ஒரு மரியாதை உண்டு. எனக்குப் பிள்ளை இல்லை. அதைக் காரணம் சொல்லி ஆரம்பாக்கத்திலிருந்து எல்லம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தார். சரியென்று தலையாட்டியவளும் நான்தான், ஆரத்தி எடுத்தவளும் நான்தான். ஆனால் மணையில் அவள் தலைகுனிந்து உட்கார்ந்தபோது பின்னல் மணையைத் தாண்டித் தரையில் கிடந்தது. தட்டைப் பிடித்திருந்த எனக்கு அங்கேயே நெஞ்சு காய ஆரம்பித்துவிட்டது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே அளவு பூதான் வாங்கி வருவார். ஆனால் அவள் தலையில் அது பூ, என் தலையில் அது சுமை. அவள் குளித்துவிட்டு வாசலில் முடியை உதறினால் ஏரிக்குப் போகிற ஆம்பிளைகள் துடுப்பைக் கீழே வைத்துவிடுவார்கள். நான் உதறினால் பொடுகு கொட்டும்.

ஒருநாள் நான் குனிந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இன்னாடி, உப்பளத்துல தலைய வெச்சுப் படுத்தியா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். எல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தினால் என்ன, தோள் குலுங்கியதை நான் பார்க்கவில்லையா? மறுநாள் அவர் நாகப்பட்டினத்துக்குப் படகேறினார். அவர் திரும்பி வரும்போது என் தலை கருகருவென்று இருக்க வேண்டும், துறையில் இறங்கியதும் அந்த மனுஷன் என்னைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

கடைத்தெரு வைத்தியரிடம் போனேன். பொடுகுக்கும் தலைச் சொறிக்கும் கந்தகம் கொடுத்தார். கந்தகம் என்றால் அந்த மஞ்சள் கட்டிதான், நெருப்பில் போட்டால் மூக்கை அடைக்கும். அதைப் பாலில் சுத்தி செய்து எண்ணெயில் காய்ச்சி வைத்திருந்தார். நாற்றம் குடலைப் பிடுங்கும், ஆனால் சொறி கேட்டது. நரைக்கு என்ன என்று கேட்டேன். ஒரு பொட்டலத்தில் மிருதார்சிங்கி கொடுத்தார். மஞ்சளும் சிவப்புமாக, கைக்குக் கனமான பொடி. ஈயத்திலிருந்து எடுப்பது.

"சுண்ணாம்பு கலந்து தண்ணி விட்டுக் குழைச்சு, முடிக்கு மட்டும் பூசு. தோல்ல படக்கூடாது. மாசத்துக்கு ஒருதபா போதும். தலையில புண்ணு கீதுன்னா தொடவே தொடாதே. பூசினப்புறம் கைய நல்லா தேய்ச்சுக் கழுவு" என்றார்.

இதில் எதையும் நான் கேட்காமல் இல்லை. எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, இது நம் வீட்டுச் சரக்கு அல்லவா!

வலை வைத்திருக்கிற எந்த வீட்டிலும் ஈயம் உருக்குவார்கள். வலை தண்ணீரில் அமிழ அடிக்கயிற்றில் ஈயக்குண்டு கோக்க வேண்டும். தேய்ந்த குண்டுகளையும் பழைய தகடுகளையும் சட்டியில் போட்டு உருக்கி, களிமண் அச்சில் ஊற்றுவோம். உருகும்போது மேலே மஞ்சளாக ஒரு ஆடை படரும். அதை ஒதுக்கித் தூர எறிவோம். நான் எத்தனை காலமாக அதைத் தென்னைமரத்தடியில் கொட்டியிருக்கிறேன்! அதைத்தான் வைத்தியர் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். செம்படவப் பெண்ணைத் தவிர வேறு யாருக்கு இந்த மூளை வரும்? வைத்தியர் வீட்டில் அது எத்தனை முறை சுத்தியாகிறது, எவ்வளவு சேர்கிறது என்றெல்லாம் யார் கேட்டது?

அதிலிருந்து வீட்டில் வலை வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் ஈயம் உருக்கினேன். புகையைக் கையால் விலக்கிக்கொண்டு ஆடையை வழித்தேன், இடித்தேன், சுண்ணாம்போடு குழைத்தேன். மாசத்துக்கு ஒருமுறை யாரால் காத்திருக்க முடியும்? இரண்டு நாளைக்கு ஒருமுறை பூசினேன். சுண்ணாம்பு பட்டு மண்டையில் புண் வந்தது. புண்ணுக்குக் கந்தக எண்ணெய், அதற்கு மேலே மறுபடியும் ஈயம். முடி கறுத்தது பாருங்கள், எனக்கே பயமாக இருந்தது, அப்படி ஒரு கறுப்பு.

பின்பக்கம் எனக்குக் கை எட்டவில்லை. வேறு வழியில்லாமல் எல்லம்மாவைக் கூப்பிட்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அம்மன் மேல் ஆணையாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு பூசிவிடச் சொன்னேன். அவள் பொறுமையாகப் பூசினாள். கழுவி உலர்ந்ததும், "அக்கா, காக்கா ரெக்கையாட்டம் கீது!" என்று கைதட்டினாள். அவள் வாயால் அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போதும் மறக்க முடியவில்லை.

சந்தோஷம் நிலைக்கவில்லை. முதலில் வாயில் ஒரு தித்திப்பும் துவர்ப்பும், செம்புக் காசைச் சப்பியது மாதிரி. அப்புறம் வயிறு. தொப்புளைச் சுற்றி யாரோ கயிறு போட்டு முறுக்குவது மாதிரி வலி வரும். தரையில் உருளுவேன். நாள் கணக்கில் வெளிக்கே போகவில்லை. சோறு கண்டால் குமட்டியது. அக்கம்பக்கத்தில் சூலை என்றார்கள், செய்வினை என்றார்கள். எனக்கு இருந்த சந்தேகமே வேறு. வீட்டில் சமைப்பது யார்? எல்லம்மா. நான் போனால் யாருக்கு லாபம்? அவள் வைத்த மடவை மீன் குழம்பில் சோற்றைப் பிசைந்து தெருநாய்க்கு வைத்துப் பார்த்தேன். நாய் தின்றுவிட்டு வாலை ஆட்டி இன்னும் கேட்டது. அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஒரு காலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். வலது மணிக்கட்டு மடங்கித் தொங்கிவிட்டது. வலி இல்லை. தூக்கு தூக்கு என்று மனம் சொல்கிறது, கை கேட்கவில்லை. எல்லம்மா அலறிக்கொண்டு படகேறிக் கோட்டைக்குப் போனாள். தண்டல் பெண்சாதி என்று சொல்லிக் கெஞ்சி, கம்பெனி ஆஸ்பத்திரியில் இடம் வாங்கிக்கொண்டு வந்தாள். செலவை அவருடைய சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். அதை நினைத்து ஒரு பயம், வெள்ளைக்காரன் கத்தி வைப்பானோ என்று ஒரு பயம். படகில் படுக்க வைத்து ஏரியைத் தாண்டும்போது என் தலையை அவள் மடியில்தான் வைத்திருந்தேன். அவள் பின்னல் என் முகத்தில் உரசிக்கொண்டே வந்தது. அதைத் தள்ளிவிடக்கூட என் கைக்குத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். முன்கட்டில் காய்ச்சலும் வயிற்றோட்டமுமாகக் கப்பல்காரர்கள். பின்கட்டில் ஓலைக் கொட்டகை, கம்பெனி ஆட்களின் வீட்டுப் பெண்களுக்கு. நடுவில் ஒரு தாழ்வாரம். அங்கேதான் காத்திருக்க வேண்டும். காடியும் கற்பூரமும் கலந்த ஒரு வாடை அங்கே எப்போதும் இருக்கும். கொட்டகையைப் பார்த்துக்கொண்டவள் மதலேனா என்கிற சட்டைக்காரி. அவளுடைய அப்பன் ஒல்லாந்துக்காரன், அம்மா நம் பக்கத்துக்காரி. வைத்தியன் பேசுவதை எங்களுக்குத் தமிழில் சொல்வதும் அவள்தான். வாய் நீளம், ஆனால் தங்கமான கை.

வைத்தியனுக்குச் சிவந்த மூஞ்சி. தலையில் சுருள்சுருளாக வெள்ளை முடி. முதல் நாள் எனக்குக் கெட்ட ரத்தம் எடுக்க வந்தபோது அந்த முடியை அப்படியே கழற்றி ஆணியில் மாட்டினான். அடியில் வழுக்கை! "இவங்க ஊர்ல பெரிய மனுசன்னா பொய்முடி வெச்சுக்கணும்" என்றாள் மதலேனா. எனக்கு அவன்மேல்கூட ஆத்திரம் வந்தது. வெள்ளை முடியைக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்கிறான், எல்லாரும் கும்பிடுகிறார்கள். எனக்குச் சும்மா வந்ததை வைத்துக்கொண்டு நான் சாகிறேன்.

என் மூத்திரத்தைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். நாக்கை நீட்டச் சொன்னான். உதட்டை மடக்கி ஈறைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் நீலக் கறுப்பாக ஒரு கோடு ஓடுகிறதாம். கப்பலுக்கு வெள்ளை பூசுகிறவர்களுக்கு அவன் ஊரில் இதே கோடு, இதே வயிற்று முறுக்கு, இதே தொங்கும் கை வருமாம். அந்த வெள்ளையில் இருப்பது ஈயம். உடம்புக்குள் ஈயம் சேர்ந்துவிட்டது, அது நரம்பைப் பிடித்திருக்கிறது என்றான்.

"வீட்ல ஈயம் கீதா?" என்று மதலேனா கேட்டாள்.

"வலைக்குக் குண்டு வார்ப்போம்" என்றேன்.

"இனிமே வீட்ல உருக்கக்கூடாதுன்றாரு."

சரி என்றேன். தலையைப் பற்றி மூச்சு விடவில்லை. வெட்கம் பாதி. மீதி என்னவென்றால், முடியில் பூசுவது வயிற்றுக்கு எப்படிப் போகும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எல்லம்மாவுக்கும் தோன்றவில்லை.

விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். வலி தாங்காதபோது கடுகளவு அபின். வயிற்றில் வெந்நீர்த் துணி. பகல் எப்படியோ போய்விடும், இரவில்தான் முறுக்கு அதிகம். ஒவ்வொரு தடவையும் இதோடு முடிந்தேன் என்றுதான் நினைப்பேன்.

எல்லம்மா தினமும் படகேறி வந்தாள். கஞ்சி கொண்டுவருவாள், நான் பார்க்கும்படி முதலில் தான் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு எனக்கு ஊட்டுவாள். நாய் சங்கதி அவளுக்குத் தெரிந்திருக்கிறது! அவள் உள்ளே நுழைந்தாலே கொட்டகை முழுக்க ஒரு கலகலப்பு. "உன் தங்கச்சியா? யம்மா, இன்னா முடி!" என்பார்கள் பக்கத்துப் பாய்க்காரிகள். மதலேனா முழம் போட்டு அளந்து பார்த்தாள். வைத்தியன்கூட ஒருநாள் நின்று பார்த்துவிட்டுப் போனான். நோயாளி நான். கை விளங்காமல் கிடப்பவள் நான். பார்ப்பது அவளை. பாயில் படுத்துக்கொண்டே நான் அவளைச் சபித்தேன். அவள் போன பிறகு எப்போது வருவாள் என்று வாசலையும் பார்த்தேன்.

எல்லாரும் தூங்குகிற மத்தியானத்தில் என் புடவையைத் திரையாகக் கட்டிக்கொண்டு அவள் எனக்கு அந்தக் குழம்பைப் பூசிவிடுவாள். வீட்டில் நான் இடித்து வைத்திருந்த பொடி இன்னும் ஒரு பானை இருந்தது. விளங்குகிற இடது கையால் நானும் முன்பக்கம் இழுத்துவிட்டுக்கொள்வேன். அந்தக் கையாலேயே சோறு அள்ளுவேன், நகத்தைக் கடிப்பேன். அவர் வருகிற பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது அல்லவா?

எனக்கு எண்ணெயும் கேட்கவில்லை, அபினும் கேட்கவில்லை. இடது கையும் தளர ஆரம்பித்தது. வைத்தியன் குழம்பிப்போனான். ஈயத்தை விட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகும் ஏன் ஏறுகிறது என்று மதலேனாவிடம் சொன்னானாம். இப்படியே போனால் மூளைக்கு ஏறி வலிப்பு வரும், அப்புறம் பிழைக்க மாட்டாள் என்றும் சொன்னானாம். தாழ்வாரத்தில் கஞ்சிக் கலயத்தோடு நின்ற எல்லம்மாவிடம் மதலேனா அதை அப்படியே சொல்லிவிட்டாள்.

கலயம் உடைகிற சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது. பிறகு எல்லம்மாவின் குரல். ஊரே கேட்கிற குரல்.

"அக்கா தலைக்கு ஈயம் பூசிக்கிதும்மா! நான்தான் பூசுறேன்! இங்க கூட நேத்து பூசினேன்! நரை தெரியக்கூடாதுன்னு பூசிக்கிது! ஐயோ, என் கையாலேயே..."

கொட்டகையில் பதினாறு கண்ணும் என் தலைமேல் வந்து நின்றது. "சத்தியம் பண்ணினியேடி சண்டாளி! இதுக்குத்தானே காத்துக்கினு இருந்தே? ஊர்ல தண்டோரா போட்டியா?" என்று கத்தினேன். அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் உதைத்தேன். காலுக்கு இன்னும் பலம் இருந்தது.

வைத்தியன் என் தலையைப் பிரித்துப் பார்த்தான். புண், அதற்கு மேல் அடை அடையாக மஞ்சள். என் நகத்தையும் பார்த்தான். உருக்கும்போது புகை மூக்கால் போயிருக்கிறது, நகத்திலிருந்து சோற்றோடு போயிருக்கிறது, புண் வழியாகவும் இறங்கியிருக்கிறது என்று மதலேனா விளக்கினாள். "தலைய செரைச்சு, கழுவி, புண்ணை ஆத்தணும். இல்லாங்காட்டி மருந்து குடுத்துப் பிரயோஜனம் இல்லன்றாரு."

முடியாது என்றேன். உயிரே போனாலும் முடியாது என்றேன். முடி ஆசை மட்டும் இல்லை. புருஷன் கடலில் இருக்கும்போது பெண்சாதி மொட்டையோடு நின்றால் அதற்கு எங்கள் குப்பத்தில் என்ன பெயர்? தாலியறுத்தவள் கோலம் அது. அவர் படகுக்கு ஆகாது. ஒரு காற்று அடித்து ஒரு பாய் கிழிந்தாலும் இந்தச் செங்கேணி தலையால்தான் என்பார்கள்.

எல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "வேண்டுதல்னா?" என்றாள்.

"இன்னா வேண்டுதல்?"

"பெரியபாளையத்தாளுக்கு முடி நேர்ந்துக்கினா யாரு இன்னா சொல்லுவாங்க? எங்க நைனா காய்ச்சல்ல கெடந்தப்ப எங்கம்மா குடுக்கல?"

"சீக்காளி எடுத்தா சீக்குன்னுதான்டி சொல்லுவாங்க."

"நீ ஒருத்தி எடுத்தா சீக்கு. ரெண்டு பேரும் எடுத்தா வேண்டுதல். மாமா நல்லபடியா வரணும்னு ரெண்டு பொண்டாட்டியும் குடுத்தாங்கன்னு ஊர் பேசும்."

நான் எழுந்து உட்காருவதற்குள் அவள், என் தலையை வழிக்க வைத்தியன் வரவழைத்திருந்த அம்பட்டன் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். கையைக் கூப்பினாள். பின்னலை அவன் அறுத்தபோது மதலேனா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பக்கத்துப் பாய்க்காரிகள் அழுதார்கள். எத்தனை நாள் அந்தப் பின்னல் ஒழிய வேண்டும் என்று வேண்டியிருப்பேன்! இப்போது அது தரையில் கிடக்கிறது. கும்மாளம் போட வேண்டியவள் நான், எனக்கு ஏன் அதை மிதிபடாமல் ஒதுக்கி வைக்கத் தோன்றியது? தலை வழித்து முடிந்து அவள் நிமிர்ந்தாள். பாவி மகளுக்கு மொட்டையும் அழகாக இருந்தது. உருண்டையான சின்னத் தலை, எடுப்பான காது. அடுத்து நான் உட்கார்ந்தேன். எனக்கு மண்டை முழுக்கப் புண்ணும் மேடும் பள்ளமும்.

அதற்குப் பிறகு ஈயம் மெல்ல மெல்ல இறங்கியது. முறுக்கு விட்டது. கஞ்சி தங்கியது. புண் ஆறியது. இடது கை முழுதாக வந்துவிட்டது. வலது கை இன்னும் பாதிதான். ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது அந்த வழுக்கை வைத்தியன் என் மொட்டையைக் காட்டித் தன் மொட்டையையும் காட்டிச் சிரித்தான். நல்லவன்தான்.

படகு வந்த அன்று துறை நிறையக் கூட்டம். எல்லம்மா சொன்னபடியே ஊர் பேசியிருந்தது. அவர் இறங்குவதற்கு முன்பே, "தண்டலு, ஒன் ரெண்டு பொண்டாட்டியும் ஒனக்கோசரம் முடி குடுத்துட்டாங்கடா" என்று நாலு பேர் கத்தினார்கள். தண்ணீரில் இறங்கி நடந்து வந்து எங்கள் முன்னால் நின்றார். ஒரு மொட்டையைப் பார்த்தார், இன்னொரு மொட்டையைப் பார்த்தார். அவர் கண் கலங்கி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"யாருடி இந்த யோசன பண்ணது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் எல்லம்மா, "அக்காதான் மாமா. ஒனக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு அக்காதான் மொதல்ல ஒக்காந்துச்சு. அதப் பாத்துத்தான் நானு" என்றாள்.

அவர் என்னிடம் வந்தார். அத்தனை ஜனத்துக்கு நடுவில் என் தலைமேல் கையை வைத்தார். "பெரியவ பெரியவதான்டி" என்றார். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் எதற்காக ஈயம் உருக்கினேனோ, எதற்காகப் புண்ணோடு பூசினேனோ, அது அந்த நிமிஷம் என் தலைமேல் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

முடியவில்லை. அவள் பொய்யில் எனக்குக் கிடைத்த கையா இது? அவள் பார்த்துப் போட்ட பிச்சையா?

"அவ புளுகுறா! மொதல்ல ஒக்காந்தது அவதான். யோசனையும் அவளுதுதான். நான் மாட்டேன்னு கத்துனேன், அவள ஒதைச்சேன். நரைய மறைக்க ஈயத்தைப் பூசிக்கினுதான் எனக்கு இந்தச் சீக்கே வந்துச்சு!" என்று துறை முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டேன்.

அவர் கை என் தலையிலிருந்து நழுவியது. அவர் எல்லம்மாவைப் பார்த்தார். கட்டிக்கொண்டு வந்த அன்றுகூட அவளை அப்படிப் பார்த்ததில்லை.

எல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா! குடுத்தா பேசாம வாங்கிக்கக் கூடாதா?"

எப்படி வாங்கிக்கொள்வேன்? எல்லாவற்றையும் அவளே கொடுத்துவிட்டால், அந்த மனுஷனுக்குக் கொடுக்க எனக்கு என்ன மிச்சம்?